கணக்கில் வராத சீட்டு

வண்டியை அணைக்காமலேயே உள்ளே வந்தாள்
வியெனோ கார்வோனென்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
டுலூத் துறைமுகம் உறைந்து,
இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று
மார்ச் வரை அசையமாட்டேன் என்று நிற்கிறது.
கண்ணாடிக் கதவு மூடும்வரை
அவள் காருக்குள் ஏதோ ஒரு நரம்பு
அதிர்ந்துகொண்டிருந்தது காதில் விழுந்தது.

சீட்டை நீட்டினாள். மஞ்சள், ஒட்டும் ரகம்.
குளிர்பெட்டிக் கதவில் இருந்ததாம்,
மீன்கடை எண்ணுக்குப் பக்கத்தில்.
அண்ணன் கையெழுத்து. இரண்டே எழுத்து:
சி, டி.
'உங்களிடம் இருக்கிற பணம்தானே இது?'

பதினேழு வருடமாக இந்த வங்கி முகப்பில் இருக்கிறேன்.
எனக்குச் சி.டி. என்றால் ஒன்றுதான்:
பணத்தைப் போட்டுப் பூட்டித் தொடாதிருப்பது.
தொட்டால் அபராதம்.
முதிர்ந்தபின் வந்தால் வட்டியோடு தருவோம்.
மனிதர்களுக்கு இந்த வசதி இல்லை என்று
மேலாளர் இல்லாத நாட்களில் சொல்வேன்.
அன்று சொல்லவில்லை.

அல்பின் கார்வோனென். இருந்தது.
ஐந்து வருட வைப்பு, மூவாயிரத்துச் சொச்சம் டாலர்.
முதிர்வதற்கு நான்கு மாதம் முன்பே
அபராதம் கட்டி எடுத்திருக்கிறார்.
எதற்கு? படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
இருப்பு: பூஜ்யம்.
அந்தச் சொல்லை அவள் முன்னால்
நான் வாய்விட்டு வாசித்திருக்கக் கூடாது.

அவள் சிரித்தாள்.
'அப்படியானால் கராஜில் இருப்பது அதுதான்.'
தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து
காந்தலே மீட்டி, பதிவு செய்து,
ஐநூறு குறுவட்டு அடித்திருக்கிறார்.
விற்றது எட்டு. அதில் மூன்று அவளே வாங்கியது.
மீதி, பெட்டி பெட்டியாக,
பனிவாரும் இயந்திரத்துக்குப் பின்னால்.
வட்டியை விட்டு வட்டைப் பிடித்த மனிதர்.

ஒவ்வொன்றாகக் காரில் போட்டுக் கேட்கிறாளாம்.
எல்லாம் ஒரே இசைதானே என்றேன்.
'நாற்பத்தோராவதில் ஒரு கீறல்' என்றாள்,
'அங்கே மட்டும் கொஞ்சம் நேரம் நிற்கிறார்.'

மறு வாரம் வந்தாள், பணம் போட அல்ல.
அல்பினோடு வேலைபார்த்த பையன்,
பாவ் ஸியோங், இரங்கலுக்கு வந்தவன்,
காபியைக் கீழே வைத்துவிட்டு
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம்.
பாருங்கள், சின்ன எழுத்து. இது கட்டளை.
கறுப்புத் திரையில் இதைத் தட்டி, இடம் சொன்னால்
அந்தக் கோப்புறைக்குப் போய்விடலாம்.
இடமே சொல்லாமல் இதை மட்டும் தட்டினால்
எத்தனை ஆழத்தில் கிடந்தாலும்
நேராக வீடு.
'வீடு என்றுதான் பெயரே,
நான் சேர்த்துச் சொல்லவில்லை.'

'வீட்டுக்கா?' வியெனோ கையுறையைக் கழற்றினாள்.
'பன்னிரண்டு வருடமாக வீட்டிலிருந்தே வேலைபார்த்தவர்.
அஞ்சல்பெட்டி வரை போவதென்றாலும்
எனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போவார்.
எங்கே போய், எங்கிருந்து திரும்புவது?'
என்னைத்தான் கேட்டாள்போலிருக்கிறது.
நான் சங்கிலியில் கட்டிய பேனாவை
ஆட்டிக்கொண்டிருந்தேன்.

போகும்போது ஒரு குறுவட்டை வைத்துப் போனாள், காசு வேண்டாமாம்.
அதைப் போட என் வீட்டில் எதுவும் இல்லை.
மடிக்கணினியில் அந்த வாயையே
எப்போதோ அடைத்துவிட்டார்கள்.

ஐந்து மணிக்கு இழுப்பறையை எண்ணினேன்.
நோட்டு சரி. சில்லறை சரி.
காசோலைகளுக்கு அடியில் மஞ்சள் சீட்டு.
மறந்தாளா, விட்டுச்சென்றாளா.
வரவில் எழுத முடியாது, செலவிலும்.
பூட்டினேன். விளக்கை அணைத்தேன்.
காரைக் கிளப்பி, ஏரிக்கரைச் சிக்னலில் நின்று,
எந்தப் பக்கம் திரும்புவது என்று
ஒரு பச்சை முழுக்க யோசித்தேன்.
பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.